ஜி.ஐ. பைப்பில் ரோல் பார் அடிக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பிறகு வாசிப்பவர்களுக்கும் விளங்கட்டும். தலவாக்கலைப் பக்கம் இருக்கிறீர்கள், கையில் ஒரு பழைய நிசான் மார்ச், ரதல்ல மலையேற்றப் போட்டியில் ஒருமுறையாவது ஓடிப் பார்க்க ஆசை. உங்கள் ஊர் வெல்டிங் பாஸ் ஒன்றரை இஞ்சி ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய்) வளைத்து இரண்டு நாளில் ரோல் பார் (கார் உருண்டால் கூரை அமுங்காமல் தாங்குகிற குழாய் வளையம்) அடித்துத் தருகிறேன் என்கிறார். பைப் நல்ல தடிப்பு, போட்டிக்கு முன் காரைப் பார்க்கிற பரிசோதனையில் பாஸ் ஆகுமா என்று கேட்டீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் "அம்மாவுக்குத்தான் பயம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா கேட்பது பாஸ் ஆகுமா என்று இல்லை, கார் குப்புறப் போனால் பிள்ளை எழும்பி வருவானா என்று. நான் அம்மாவின் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லப் போகிறேன், உங்களுடையது அதற்குள்ளேயே வந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நுவரெலியாப் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக டிங்கரிங், வெல்டிங் வேலை. அதற்குள் இரண்டு டசினுக்குக் கொஞ்சம் கூடுதலான ரோல் பார், ரோல் கேஜ் (காருக்குள் முழுதாகச் சுற்றி நிற்கிற குழாய்க் கூடு) செய்திருக்கிறேன், அவற்றில் மூன்று உண்மையாகவே உருண்டு பார்த்தவை. நான் எஞ்சினியர் இல்லை, போட்டி அதிகாரியும் இல்லை. அதனால் எது விதியில் இருப்பது, எது என் அனுபவம், எது வெறும் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

விதியில் இருப்பதிலிருந்து ஆரம்பிப்போம். மோட்டார் விளையாட்டின் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் விதிப் புத்தகத்தில் அப்பெண்டிக்ஸ் ஜே என்று ஒரு பகுதி, அதில் 253ஆம் பிரிவு பாதுகாப்புச் சாமான்களுக்கானது. உலகம் முழுக்க கிளப் மட்டப் போட்டிகள் வரைக்கும் பெரும்பாலானவர்கள் எட்டிப் பார்ப்பது அதைத்தான். அதன்படி குழாய், தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த கரிம எஃகாக இருக்க வேண்டும், வெல்டிங் கடைக்காரர்கள் சி.டி.எஸ். என்று சொல்வார்களே, அது. இழுவலிமை சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 350 நியூட்டன். உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிற பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீற்றர் விட்டம், 2.5 சுவர்த் தடிப்பு, அல்லது 50க்கு 2. மற்றக் குழாய்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. அந்தப் பிரதான வளையம் ஒரே குழாயில் வளைத்ததாக, இடையில் ஒட்டு இல்லாமல், கிட்டத்தட்ட நெட்டாக நிற்க வேண்டும். பின்னால் தாங்குகிற இரண்டு கால்களும் நேராக ஓட வேண்டும், நெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 30 பாகை சரிவில். இது எதுவும் என் அபிப்பிராயம் இல்லை, புத்தகத்தில் உள்ளது.

சரி, உங்கள் பாஸின் பைப்புக்கு வருவோம். அவர் உங்களை ஏமாற்றவில்லை, அதை முதலில் சொல்ல வேண்டும். ஒன்றரை இஞ்சி ஜி.ஐ. பைப் என்று ஹார்ட்வெயார் கடையில் கேட்டால் கொடுப்பதன் வெளிவிட்டம் ஒன்றரை இஞ்சி இல்லை, 48 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர்க் குழாயில் இஞ்சிக் கணக்கு உள்துவாரத்தை ஒட்டியது. நடுத்தர ரகத்தில் சுவர் 3 மில்லிமீற்றரைத் தாண்டும். ஆக, அளவுகோலை வைத்துப் பார்த்தால் விதியில் சொன்னதைவிடப் பெரிது, தடிப்பு, அவர் பெருமையாகத் தட்டிக் காட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது நீளத் தகட்டைச் சுருட்டி ஓரம் ஒட்டிய குழாய். உள்ளே விரலை விட்டுத் தடவினால் அந்தத் தையல் கோடு தட்டுப்படும், கடையிலேயே செய்து பார்க்கலாம். அந்தக் குழாய்க்கான தரநிர்ணயம் கேட்கிற இழுவலிமை 320 தான், அதுவும் தண்ணீர் அழுத்தத்தை மனதில் வைத்துச் செய்தது, அடி வாங்கி மடங்கினாலும் கிழியாமல் இருப்பதற்காகச் செய்தது இல்லை. எடையும் ஒரு மீற்றருக்கு மூன்றரைக் கிலோ வரும், 45க்கு 2.5 குழாய் 2.6 கிலோதான். மேட்டில் ஏறுகிற சின்ன எஞ்சினுக்கு அந்த வித்தியாசம் தெரியும், அதுவும் பாரமெல்லாம் தலைக்கு மேலே.

இன்னொரு விஷயம் துத்தநாகப் பூச்சு. அதன் மேலேயே வெல்டிங் அடித்தால் வெள்ளைப் புகை கிளம்பும், ஒட்டுக்குள் ஊசித்துளை ஊசித்துளையாக நிற்கும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். நான் பழகுகிற காலத்தில் எனக்கே வந்தது, மலேரியாவோ என்று வீட்டில் பதறிவிட்டார்கள். பூச்சை அரைத்து எடுத்துவிட்டு அடிக்கலாம்தான், ஆனால் யார் முழுதாக அரைக்கிறார்கள்? சைலன்சர் கடையில் கிடைக்கிற எக்ஸோஸ்ட் பைப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை.

நல்ல குழாய் கிடைத்தும் வேலையைக் கெடுக்கலாம். எங்கள் ஊரில் பைப் வளைப்பது என்றால் உள்ளே மணல் நிரப்பி, காஸ் டோர்ச்சால் சிவக்கச் சூடாக்கி, மரக்குற்றியில் வைத்து இழுப்பது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது போதும். ரோல் பாருக்குச் சூடாக்கவே கூடாது, குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும், வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. 45 குழாய் என்றால் 135 மில்லிமீற்றர். வளைத்த இடத்தில் குழாய் கொஞ்சம் நசுங்கி முட்டை வடிவத்துக்குப் போகும், அதற்கும் கணக்கு இருக்கிறது: ஒடுங்கிய பக்கத்து விட்டம் அகன்ற பக்கத்தின் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். கலிப்பரை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்துப் பாருங்கள், பாஸ் கோபித்தாலும் பரவாயில்லை. வளைவின் உள்பக்கத்தில் சுருக்கம் விழுந்திருந்தால் அளக்கவே வேண்டாம், அது கழிவு.

ஒட்டு, குழாயைச் சுற்றி முழு வட்டமும், உள்வரை ஊடுருவி இருக்க வேண்டும் என்பது விதி. இங்கேதான் பெரும்பாலான வீட்டு வேலைகள் தோற்கின்றன, ஏனென்றால் குழாய் கூரைத் தகட்டை ஒட்டி நிற்கிறது, மேல் பக்கத்துக்கு டோர்ச் போகாது, அதனால் கண்ணுக்குத் தெரிகிற முக்கால் வட்டத்தை அடித்துவிட்டு மேலே பெயின்ட் அடித்துவிடுவார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், தொலைபேசியைக் குழாய்க்கும் கூரைக்கும் நடுவில் செருகி ஒரு வீடியோ எடுங்கள். முறையாகச் செய்பவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, கால் வரும் இடங்களில் தரையில் ஓட்டை வெட்டி, முழுக் கேஜையும் அந்த ஓட்டை வழியாகக் கீழே இறக்கி, மேல் மூட்டுகளைச் சுற்றிலும் ஒட்டிவிட்டு, திரும்பத் தூக்கி, அடியில் தகட்டை வைத்து அடைப்பார்கள். இரண்டு நாள் வேலை இல்லை அது. அமெரிக்கக் கிளப் விதிகளில் பிரதான வளையத்தில் 3/16 இஞ்சி ஓட்டை ஒன்று போடச் சொல்வார்கள், தடிப்பை அளப்பதற்காகவே. பெயின்டுக்குள் ஒளிந்திருக்கிற மெல்லிய குழாயை அந்த ஒரு ஓட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் குழாயைப் பற்றி. ஆனால் எனக்கு உங்கள் குழாயைவிட உங்கள் காரின் தரைதான் பயம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு டொயோட்டா ஸ்டார்லட்டுக்கு ரோல் பார் செய்தேன். நல்ல சி.டி.எஸ். குழாய், கொழும்பிலிருந்து பஸ்ஸின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தது. வளைவு சுத்தம், ஒட்டு சுத்தம், நான் அதைப் படம் பிடித்துக்கூட வைத்திருந்தேன். கால்களைத் தரையில் வைத்து, அடியில் பெரிய வொஷர் போட்டு போல்ட் முடுக்கினேன். ஒரு பயிற்சி ஓட்டத்தில் அந்தக் கார் வளைவில் வழுக்கி, கானைத் தாண்டி, தேயிலை மலைக்குள் ஒன்றரை உருளல் உருண்டது. பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, தலையில் தையல், உயிருக்கு ஒன்றுமில்லை. மறுநாள் கார் கராஜுக்கு வந்ததும் நான் அடியில் படுத்துப் பார்த்தேன். இடது காலின் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு ஒரு சாண் கீழே நீட்டிக்கொண்டிருந்தது, பலகையில் ஆணி அடித்தால் மறுபக்கம் நீட்டுமே, அப்படி. வொஷர்கள் தகட்டோடு பிய்ந்து குழாய் நுனியில் மாலை மாதிரித் தொங்கின. பக்கத்தில் இருந்த தார்ப் பூச்சை நகத்தால் சுரண்டினேன், தாரோடு தரையும் சேர்ந்து வந்தது, பிஸ்கட் மாதிரி. மேலிருந்து பார்த்தபோது கார்பெட்டும், கீழிருந்து பார்த்தபோது கறுப்புத் தாரும் இருந்ததால் நான் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. அது என் பிழை, வேறு யாருடையதும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஆச்சரியமே இல்லை. எஃப்.ஐ.ஏ.யில் பதிவு பெறுகிற கேஜ்களைப் பரிசோதிக்கும்போது காரின் எடையோடு 150 கிலோவைக் கூட்டி, அதன் ஏழரை மடங்கு பாரத்தைப் பிரதான வளையத்தின் தலையில் இறக்குவார்கள். உங்கள் மார்ச் 800 கிலோ என்று வைப்போம், 950ஐ 7.5ஆல் பெருக்கினால் 7 டன்னுக்கு மேல். ஒரு கொழுந்து லொறியை ஏற்றி நிறுத்துவது மாதிரி. கார்த் தரையின் தகடு புதிதாக இருக்கும்போதே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. 45 குழாயின் வாய்ச் சுற்றளவு 14 சென்ரிமீற்றர், தகட்டைக் குத்தித் துளைக்க அந்த 14 சென்ரிமீற்றர் ஓரத்தை வெட்டினால் போதும், நான் போட்ட கணக்கில் துருப் பிடிக்காத தகடே இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே போனதும் விட்டுவிடும். அதே காலுக்கு அடியில் 12க்கு 10 சென்ரிமீற்றர் தகடு ஒன்றை வைத்தால் வெட்ட வேண்டிய ஓரம் 44 சென்ரிமீற்றர் ஆகிறது, மூன்று மடங்கு தாங்கும். விதி 3 மில்லிமீற்றர் தடிப்பில் 120 சதுர சென்ரிமீற்றர் தகடு கேட்பது சும்மா இல்லை. போல்ட் போடுகிற முறை என்றால் ஒவ்வொரு முன்காலுக்கும் பிரதான காலுக்கும் குறைந்தது மூன்று எம்8 (8 மில்லிமீற்றர்) போல்ட், தலையில் 8.8 என்று வலிமைக் குறி பொறித்தவை. பின் தாங்கு கால்களுக்கு இரண்டும் 60 சதுர சென்ரிமீற்றரும். என் சொந்தப் பழக்கம், தகட்டைத் தட்டையாக மட்டும் வைக்காமல், கதவுக்குக் கீழே ஓடுகிற வாசற்படிப் பெட்டியின் சுவர் வரைக்கும் மடித்து ஏற்றி ஒட்டுவது. தரை விட்டாலும் படி விடாது. ஆனால் எங்கள் பக்கத்து மூடுபனியிலும் மழையிலும் பத்துப் பதினைந்து வருஷம் வெளியில் நின்ற காரில் முதலில் அழுகுவதும் அந்தப் படிதான், அதை மறக்க வேண்டாம்.

அடுத்து, பாதி பாரா முழுக் கேஜா. நீங்கள் கேட்டது பின்வளையம் மட்டும் உள்ள பாதி பார். தட்டையான ஓட்டப் பாதையில், மண்ணில், அது பயன் தரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மலையேற்றப் போட்டியில் என் அபிப்பிராயம் வேறு, இது விதி இல்லை, என் அபிப்பிராயம்தான். ரதல்லையிலோ மஹகஸ்தொட்டையிலோ கார் பாதையை விட்டால் சமதரையில் உருளாது. ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் சரிவு. சரிவில் தேயிலைத் தூர், கல், கான். கூரை முழுவதும் ஒரே நேரத்தில் பாரம் வாங்காது, ஒரு மூலைதான் வாங்கும், பெரும்பாலும் கண்ணாடிக்குப் பக்கத்து முன் தூண். நான் சொன்ன ஸ்டார்லட்டில் பையனின் தலையைக் கிழித்தது பின்பக்கம் இல்லை, தேயிலைத் தூரில் மோதி உள்ளே மடங்கிய முன் தூண்தான். அதனால் மலைக்கு என்றால் ஆறு காலுள்ள முழுக் கேஜ், கதவுக்குக் குறுக்குக் குழாய், பிரதான வளையத்தில் மூலைவிட்டக் குழாய். பணம் போதவில்லை என்றால் ஒரு சீசன் தள்ளிப் போடுங்கள் என்பேன். மூலைவிட்டம் இல்லாத வளையம் பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும், தீப்பெட்டியின் வெளிக்கூட்டை அமுக்கிப் பாருங்கள், விளங்கும்.

இனி, பலர் மறந்துபோகிற ஒன்று. ரோல் பார் தனியாக வேலை செய்யாது. தலை ஹெல்மெட்டோடு குழாயில் இடிக்கக்கூடிய இடமெல்லாம் அதற்கென்றே உள்ள கெட்டியான பாடிங் வேண்டும், எஃப்.ஐ.ஏ.யின் 8857-2001 என்ற தரத்தில் அல்லது அமெரிக்கத் தரமான எஸ்.எஃப்.ஐ. 45.1இல். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஸ்பொஞ்ச் இருக்கிறதே, விரலால் அமுக்கினால் குழாய் தட்டுப்படும், அது அலங்காரம். சாய்கிற சாதாரண சீட் பின்னாலிருந்து இழுபட்டால் முதுகு உடைந்து படுத்துவிடும், சாயாத பக்கெட் சீட் வேண்டும். ஹார்னஸின் (போட்டிக்கான சீட் பெல்ட்) தோள் பட்டிகள் சீட்டின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கிக் கீழே 45 பாகைக்கு மேல் சரியக் கூடாது, பத்துப் பாகைக்குள் இருப்பது நல்லது. பின்சீட்டுத் தரையில் கொண்டுபோய்க் கட்டினால் மோதலில் உங்கள் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். பட்டியின் லேபிளில் எந்த வருஷம் வரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும், ஜப்பானிலிருந்து வருகிற பழைய சாமான்களில் அந்த வருஷம் எப்போதோ போயிருக்கும்.

பழைய சாமான் என்றதும் ஞாபகம் வருகிறது, ஹாஃப் கட் கார்களோடு (பாதியாக வெட்டி இறக்குமதியாகிற பழைய கார்கள்) வருகிற போல்ட் போட்ட கேஜ்களைச் சிலர் மலிவாக விற்கிறார்கள். அவற்றில் நல்லதும் உண்டு, வெறும் அழகுக்கான அலுமினியமும் உண்டு. சட்டைப் பையில் ஒரு காந்தம் வைத்துக்கொண்டு போங்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்பு என்றுதான் அர்த்தம், நல்ல இரும்பு என்று அர்த்தம் இல்லை.

நிச்சயமில்லாத இடங்கள் இவை. சாதாரணக் கூரையுள்ள காரில் ரோல் பார் இல்லாமல் நாலு பட்டி ஹார்னஸ் மட்டும் போட்டால் அது ஆபத்தைக் கூட்டும், ஏனென்றால் கூரை அமுங்கும்போது உடல் பக்கவாட்டில் சாய வழியில்லாமல் நெட்டாகப் பிடித்து வைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படுகிறது, ஆனால் இதைப் பற்றிப் பழக்கமுள்ளவர்களே இரண்டு பக்கமும் பேசுகிறார்கள், நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். போல்ட் போட்டதா ஒட்டியதா எது மேல் என்பதிலும் அப்படித்தான்: நன்றாகத் தகடு வைத்த போல்ட் கேஜ், அவசரமாக ஒட்டிய கேஜைவிட நல்லது என்பது மட்டும் நான் கண்ணால் கண்டது. உங்கள் பரிசோதனையில் பாஸ் ஆகுமா என்பதற்கு நீங்கள் பெயர் கொடுக்கிற போட்டியின் துணை விதிமுறைத் தாள்தான் கடைசி வார்த்தை, வகுப்புக்கு வகுப்பு கேட்பது மாறும். குழாய் வாங்குவதற்கு முன்பே அந்தத் தாளை நடத்துகிற சங்கத்திடம் கேட்டு வாங்கி, குழாய் அளவும் கால் தகட்டின் வரைபடமும் எழுதி, பரிசோதிப்பவரிடம் காட்டி ஒப்புதல் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அவர் இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

அதே காரை வாரநாளில் வேலைக்கும் ஓட்டுவேன் என்றீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வேண்டாம். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது, சுத்தியலைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுவது மாதிரி. ஹட்டன் வீதியில் பின்னால் ஒரு பஸ் லேசாக இடித்தாலே போதும். பின்சீட்டில் யாரையும் ஏற்றவே கூடாது, அந்தத் தாங்கு கால்கள் அவர்கள் முகத்துக்கு நேரே இருக்கும். இப்படி மாற்றம் செய்த காருக்குப் பதிவும் காப்புறுதியும் செல்லுபடியாகுமா என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உங்கள் காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் ஒன்றை மறைக்க வேண்டாம். நான் எழுதியது அத்தனையும் உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான். 2024 ஏப்ரல் 21 தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் போனதில் 7 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. எந்தக் குழாயும் அவர்களுக்கு உதவியிருக்காது. வீட்டுக்காரர்கள் வந்தால் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவிடாதீர்கள், மண் சுவரின் மேலே உயரத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்குப் பாஸுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காரை ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் ஏற்றி, கார்பெட்டைக் கழற்றிவிட்டு, தட்டையான பழைய ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுங்கள். முன் சீட்டுகளுக்குப் பின்னால் தரையும் படியும் சேருகிற மூலை, பின் சில்லு வளைவின் உள்பக்கம், சொக் எப்சோர்பர் மேலே பிடிக்கிற இடத்தைச் சுற்றி. தாரைச் சுரண்டிவிட்டு அழுத்திக் குத்துங்கள், கூச்சப்பட வேண்டாம். டங் என்று சத்தம் வந்தால் அந்த இடத்தைச் சோக்கால் குறியுங்கள், புஸ் என்று உள்ளே போனால் அங்கேயும் குறியுங்கள், வேறு நிறத்தில். அந்தப் படங்களை இங்கே போட்டால் கால் எங்கே வரலாம் என்று சொல்லப் பார்க்கிறேன். படத்தை வைத்து முழுதாகச் சொல்ல முடியாது, ஆனால் எங்கே வரக் கூடாது என்பதையாவது சொல்லிவிடுவேன்.